பத்திரமாகப் பூட்டி வைத்த கேமரா

மழைக்காலம் முடிந்து மார்கழிப் பனி தொடங்கியதும் எனக்கு ஒரு வகைத் தொலைபேசி அழைப்பு வருவது வழக்கம். இந்த வருஷமும் வந்தது. முத்தியால்பேட்டையில் இருக்கும் என் பழைய நண்பர், ஓய்வு பெற்ற ஆசிரியர்.

"பையன் போன தடவை வந்தப்போ வாங்கிக் கொடுத்துட்டுப் போன கேமராவை இன்னிக்கு எடுத்துப் பார்த்தேன் சார். லென்சுக்குள்ளே ஒட்டடை மாதிரி என்னமோ தெரியுது. துணியால துடைச்சேன், போகலை. வெளியே இருக்கா உள்ளே இருக்கான்னும் புரியலை."

"எங்கே வெச்சிருந்தீங்க?"

"பத்திரமா பீரோவிலேதான். கூட வந்த பையிலேயே போட்டு, மேலே துண்டு சுத்தி, ரெண்டு அந்துருண்டையும் போட்டு வெச்சிருந்தேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. இதே பத்திரத்தைப் பதினெட்டு வருஷம் செய்தவன் நான். அதனால் துணிந்து சொல்கிறேன். நம் புதுச்சேரியில் மழையில் நனைந்து கெட்ட கேமராவை விட, பீரோவில் பூட்டிக் கெட்ட கேமராதான் அதிகம். இது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பிறகு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

என் தாய்மாமன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சொல்தா மாமா என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். 1969இல் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு ஃபோகா கேமராவும் கொண்டுவந்தார். ஃபோகா என்பது பிரான்சிலேயே செய்த கேமரா. ஜெர்மன்காரன் கேமராவுக்கு இது ஒன்றும் இளைத்ததில்லை என்று மாமா ஆயிரம் தடவை சொல்வார். பழுப்புத் தோல் உறை, உள்ளே சிவப்பு வெல்வெட். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. "வாடா மருமகனே" என்று கூப்பிட்டுக் கடற்கரைக்கு அழைத்துப் போய், வெளிச்சம் எப்படிப் பார்ப்பது, தூரம் எப்படிக் கணக்குப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த ஒளியியல் பாடம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மாமா 1981இல் தவறிப்போனார். அவருடைய மகன், அதாவது என் மச்சான், அதற்கு முன்பே பிரான்சுக்குக் குடியேறிவிட்டான். கேமரா என்னிடம் வந்தது. சில வருஷம் படம் எடுத்தேன். தங்கையின் கல்யாணம், என் மகளுக்குக் காது குத்தியது, மாசிமகத்துக்குச் சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்தது, எல்லாம் அந்த ஃபோகாவில் எடுத்ததுதான். 1990இல் கையடக்கமான ஆட்டோமேட்டிக் கேமரா ஒன்று வாங்கினேன். மாமாவின் கேமராவைத் துடைத்து, தோலுறையில் போட்டு, பட்டுத்துணி சுற்றி, இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். அந்துருண்டையும் போட்டேன். மாமாவுக்குச் செய்யும் மரியாதை அது என்று நினைத்தேன்.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். என் உத்தியோகம் என்ன தெரியுமா? அரசாங்க ரெக்கார்டு ரூம். எங்களைப் போலப் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு ஆங்கிலத்தில் நோட் எழுதுவது அந்தக் காலத்தில் தடுமாற்றம். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவேடுகளைப் படிக்க ஆள் வேண்டும் என்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள். எங்களோடு ஒரு பெரியவர் பியூனாக இருந்தார். மழை விட்டுத் தை பிறந்ததும், மேலதிகாரி சொல்கிறாரோ இல்லையோ, காலை பத்து மணிக்கு எல்லா ஜன்னலையும் திறந்து, ஒவ்வொரு கட்டாக எடுத்து மேஜையில் விரித்து, விசிறி போல ஏடுகளை உதறி, மத்தியானம் மறுபடி அடுக்குவார். மாலைக் கடற்காற்று வருவதற்குள் ஜன்னலைச் சாத்திவிடுவார். "மூடியே வெச்சா மக்கிப் போயிடும் சார், காத்துப் படணும்" என்பார். முப்பது வருஷம் அவர் சொன்னதைக் கேட்டு, அரசாங்கத்துக் காகிதத்துக்குக் காற்றுக் காட்டினேன். என் வீட்டுக் கேமராவுக்குக் காட்டவில்லை.

2008இல் மச்சான் மகள் பிரான்சிலிருந்து வந்தாள். எனக்கு மருமகள் முறை. ஆனால் அவள் வாயில் மாமா வராது, 'தொந்தோன்'தான் வரும். "தொந்தோன், தாத்தாவின் கேமரா உங்களிடம் இருப்பதாக அப்பா சொன்னார். பார்க்கலாமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். பெருமையோடு பீரோவைத் திறந்தேன். பட்டுத்துணியை விலக்கி அவள் கையில் கொடுத்தேன். தோலுறையின் பொத்தானைக் கழற்றியதும் அவள் மூக்கைச் சுளித்தாள். "சா ஸான் லெ ரான்ஃபெர்மே" என்றாள்.

பிரெஞ்சில் அது சாதாரணப் பேச்சு. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே ஒரு வாடை, அதற்குச் சொல்வது. அடைந்து கிடந்த வாடை. குழந்தை குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

வெல்வெட் முழுக்க வெள்ளைப் பூசணம். லென்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள்ளே மெல்லிய நரைமயிர் போலக் கிளை கிளையாகப் படர்ந்திருந்தது. ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. சென்னையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் டார்ச்சை அடித்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஒரு ரெண்டு வருஷத்துலே கொண்டாந்திருந்தா துடைச்சாலே போயிருக்கும். இப்போ கண்ணாடியையே தின்னுடுச்சு சார்" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பூசணத்தின் விதைகள் எங்கும் உண்டு. காற்றில் இருக்கின்றன. புதுக் கேமராவிலும் இருக்கும், என் மேஜையிலும் இருக்கும். அவற்றைத் தடுக்க முடியாது. ஆனால் முளைக்க அவற்றுக்குச் சில வசதிகள் வேண்டும். காற்றில் ஈரப்பதம் அறுபது, எழுபது சதவீதத்துக்கு மேல் பல நாள் நிற்க வேண்டும். இருட்டு வேண்டும். அசையாத காற்று வேண்டும். தின்னக் கொஞ்சம் தூசியோ, கைவிரல் பிசுக்கோ, தோலோ, துணியோ வேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள். தோலுறைக்குள், துணிக்குள், பீரோவுக்குள் நாம் செய்து வைப்பது வேறு என்ன? அதற்குக் குடித்தனம் வைத்துக் கொடுக்கிறோம். வளர வளர அது அமிலம் கசியும். அந்த அமிலம் முதலில் லென்சின் மேல்பூச்சையும், பிறகு கண்ணாடியையும் அரிக்கும். பூசணத்தைத் துடைத்து எடுத்தாலும் தழும்பு நிற்கும்.

நம் ஊர் ஈரத்தையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மட்டும்தான் ஈரம் என்று நாம் நினைக்கிறோம். நான் ஈரப்பதம் காட்டும் சின்னக் கடிகாரம் போன்ற கருவி ஒன்று வாங்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். சில நூறு ரூபாய்தான். ஐப்பசி, கார்த்திகையில் அது 85க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். சித்திரை மத்தியானத்தில் 60 காட்டும். அதே சித்திரையில், சாயங்காலம் கடற்காற்று வந்து நாம் 'அப்பாடா' என்கிற நேரத்தில், 75, 80க்குப் போய்விடும். அதாவது வருஷம் பூராவும் பூசணத்துக்கு நம் ஊர் சுகவாசம்தான்.

சரி, என்ன செய்வது?

முதலில் செய்யக்கூடாதவை. தோலுறையில் கேமராவை வைக்காதீர்கள். அது வெளியே எடுத்துப் போகத்தான். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறையைத் தனியே வையுங்கள். அந்துருண்டையும் கற்பூரமும் வேண்டாம். அவை பூச்சிக்குத்தான். ஈரத்தை அவை ஒன்றும் செய்யா. அவற்றின் ஆவி லென்சின் மேல் படியும், பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். அரிசிப் பானை வைத்தியம் ஒன்று இருக்கிறது. நனைந்த செல்போனை அரிசிக்குள் புதைக்கிறார்களே, அது போலக் கேமராவையும் புதைப்பவர்கள் உண்டு. அரிசி ஈரத்தை இழுக்கும் அளவு சொற்பம். அதன் மாவுத்தூசியோ பூசணத்துக்கு நல்ல தீனி. ஃபிரிட்ஜும் கேமராவுக்கு ஆகாது. வெளியே எடுத்த கணமே உள்ளும் புறமும் வியர்த்துவிடும்.

பழைய ஸ்டுடியோக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை எரிய விடுவார்கள். பெயர்தான் ஜீரோ, சூடு வரும். அந்தச் சூட்டில் உள்ளே ஈரப்பதம் இறங்கும். யோசனை சரிதான். ஆனால் துணியும் காகிதமும் இருக்கும் வீட்டு பீரோவில் அது தீ விபத்துக்கு அழைப்பு. இப்போது வரும் எல்இடி பல்பில் அந்தச் சூடும் இல்லை. விட்டுவிடுங்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். சமையலறைச் சாமான் கடையில், மூடியில் ரப்பர் வளையம் வைத்த பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கினேன். அதில் கேமராவும் லென்சும். கூடவே சிலிக்கா ஜெல் 150 கிராம், துளை போட்ட சின்ன டப்பியில். ஈரப்பதக் கருவி இன்னொன்று, வெளியிலிருந்தே முள் தெரியும்படி. 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. 30க்குக் கீழே போக விடக்கூடாது. ரொம்பக் காய்ந்தால் உள்ளே இருக்கும் எண்ணெயும் தோலும் வறண்டுபோகும்.

சிலிக்கா ஜெல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. செருப்பு டப்பாவில், மாத்திரை பாட்டிலில் வரும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று பலர் சொல்கிறார்கள். அவை நம் கைக்கு வரும்போதே பெரும்பாலும் வயிறு நிறையக் குடித்திருக்கும். அவற்றைப் போட்டும் ஒன்று, போடாமலும் ஒன்று. நிறம் மாறுகிற மணிகளாக வாங்குங்கள். நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். ஆரஞ்சு மணி பச்சையாகும். ஆரஞ்சே நல்லது. நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, அது உடம்புக்கு ஆகாது. நிறம் மாறிவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில், சின்னத் தீயில், ஜன்னலைத் திறந்து வைத்து, நிறம் திரும்பும்வரை வறுத்தால் மறுபடி வேலை செய்யும். மொட்டைமாடி வெயில் போதாது, நூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கருக விடக்கூடாது. மூடிய தகரடப்பாவில் ஆறவிட்டுப் பிறகு உள்ளே வையுங்கள். திறந்து வைத்து ஆறவிட்டால் ஆறுவதற்குள்ளேயே நம் ஊர்க்காற்றிலிருந்து மறுபடி குடித்துவிடும்.

ஐந்தாறு லென்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு மின்சாரத்தில் ஓடும் உலர் அலமாரி இருக்கிறது. விலை சில ஆயிரம். மின்சாரச் செலவு கொஞ்சம்தான். வசதியிருந்தால் வாங்கட்டும். ஆனால் 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது நாம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை மறக்க வேண்டாம். அலமாரிக்குள்ளும் ஒரு கைப்பிடி சிலிக்கா ஜெல் இருக்கட்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். ஆகவே எதில் வைத்தாலும் இடுப்புயரத்துக்கு மேலே வையுங்கள். ஓதம் ஏறும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம்.

ஏசி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. குளிர்ந்த அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்துப் போகாதீர்கள். மூக்குக்கண்ணாடி மங்குவது போல லென்சும் மங்கும், உள்ளேயும் நீர் படியும். அறைக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, பிறகு வெளியே கொண்டுவந்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். வியர்ப்பது பையோடு போகும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, டப்பாவை மூடி ஐந்து வருஷம் மறந்தால் என்ன ஆகும்? மணிகள் ஈரம் குடித்து முடித்த பிறகு அதுவும் ஒரு பீரோதான். அதனால்தான் சொல்கிறேன், சாமான் வாங்குவதில் பாதிக் காரியம்கூட இல்லை. மாதம் ஒரு தடவை எடுங்கள். லென்சின் வாயை முழுக்கத் திறந்து, சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் மெக்கானிக் துடைத்துக் கொடுத்துவிடுவார். நீங்களாகத் திருகாணியைக் கழற்றாதீர்கள். வளையங்களைச் சுழற்றுங்கள், ஷட்டரைப் பத்துத் தடவை அமுக்குங்கள். பூசணத்துக்குச் சூரிய வெளிச்சம் ஆகாது, ஆகவே ஜன்னலோரத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள். ஆனால் லென்ஸ் சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது. பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்துத் துணியைக் கொளுத்திவிடும். திரும்ப வைக்கும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். கசிந்தால் அதோடு கேமரா போச்சு.

"இப்போதான் எல்லார் கையிலேயும் செல்போன் இருக்கே, இந்தப் பழைய சாமானைக் கட்டிக்கிட்டு எதுக்கு மாரடிக்கணும்?" என்று என் வீட்டுக்காரியே கேட்கிறாள். நியாயமான கேள்வி. படம் எடுக்கச் செல்போன் போதும்தான். ஆனால் கேமராவைத் தின்னும் பூசணம்தான் நம் நெகட்டிவையும் ஆல்பத்தையும் தின்கிறது. பழைய ஃபிலிமின் மேல் இருக்கும் பூச்சு ஜெலட்டின். மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. பூசணத்துக்கு அதைவிட விருந்து இல்லை. நம் அப்பா அம்மாவின் கல்யாணப் படம் எந்தச் செல்போனில் இருக்கிறது? அதே பீரோவில், அதே இருட்டில்தானே இருக்கிறது!

கடலோரத்தில் குடியிருந்தால் அப்படித்தான், விதி என்று சொல்பவர்களும் உண்டு. நம் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைப் பாருங்கள். 1955இல் தொடங்கியது. கடற்கரைக்கு இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. கோயில்கள், சிற்பங்களின் புகைப்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. பனையோலைச் சுவடிகளும் இருக்கின்றன. அதே கடல், அதே காற்று. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமாவின் ஃபோகாவை அந்தப் பெண் தன்னோடு எடுத்துப் போனாள். "இது இனி உதவாதம்மா" என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. அங்கே ஒரு வயதான மெக்கானிக்கைப் பிடித்து ஷட்டரை ஓட வைத்துவிட்டாள். லென்சின் தழும்பு மட்டும் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய கைக்குழந்தை, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் எதிரே இருப்பதால் படம் முழுக்க மெல்லிய வெண்புகை. முகம் மட்டும் தெரிகிறது. பின்னால் பிரெஞ்சில், 'தாத்தாவின் கேமராவில் எடுத்தது' என்று எழுதியிருந்தாள். அந்தப் புகை என் பதினெட்டு வருஷம். படம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இல்லை, அங்கேயும் ஈரம் ஒட்டிக்கொள்ளும். சட்டம் போட்டு, கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

முத்தியால்பேட்டை நண்பரின் கேமராவை அவர் மருமகன் மெக்கானிக்கிடம் எடுத்துப் போயிருக்கிறார். இப்போதுதான் ஆரம்பம், துடைத்தால் போய்விடும் என்றாராம். எனக்கு உயிர் வந்தது.

நான் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று வைத்திருக்கிறேன். காலை காபி முடிந்து, கடற்காற்றுத் திரும்புவதற்கு முன்னால் அரை மணி நேரம். இந்த ஞாயிறு நீங்களும் உங்கள் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து பாருங்கள். துணியை விலக்கியதும் முதலில் முகர்ந்து பாருங்கள். அடைந்த வாடை வந்தால், தாமதிக்காமல் ஒரு டார்ச்சைத் தேடி எடுங்கள்.